"ஜெபிப்போமா?" என்று கேட்பதற்கு முன்: மனம் ஒடிந்து வருகிறவரோடு சபை நடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர்ப்பக்கம் வீடு சந்திக்கப் போனால் ஒரு ஒழுங்கு உண்டு. நலம் விசாரிப்போம், ஒரு சங்கீதம் வாசிப்போம், "ஜெபிப்போமா?" என்போம். ஜெபம் முடிந்ததும் காப்பி வரும். குடித்துவிட்டு எழுந்து வருவோம். அந்தச் சந்திப்புக்கு ஜெபம்தான் கடைசி மணி. வீடு கட்டுகிறவருக்கும் பரீட்சை எழுதும் பிள்ளைக்கும் இந்த ஒழுங்கு போதும். மனம் ஒடிந்து வருகிறவர் வாயைத் திறந்த மூன்றாம் நிமிடமே நாம் கண்ணை மூடிவிட்டால், அவர் சொல்லவந்ததை விழுங்கி ஒரு ஆமென் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எங்கள் சேகரத்தில், அதாவது ஒரே ஆயரின்கீழ் வரும் சபைகளின் வட்டத்தில், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு அறையைத் திறந்து உட்கார ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகிறது. புதிதாக வந்து சேர்கிறவர்களுக்கு மனசும் உண்டு, விசுவாசமும் உண்டு. தடுக்கி விழுவது வரிசையில்தான். கேட்க வேண்டிய நேரத்தில் போதிப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரத்தில் உபவாசம் போடுவார்கள். ஆகவே இங்கே எழுதுவதெல்லாம் எதற்குப் பின் எது என்பதைப் பற்றி. ஆயர், உபதேசியார், பெண்கள் ஐக்கியப் பொறுப்பாளர், என்னைப் போல் ஓய்வுபெற்ற டீச்சர், யாரும் இதைச் செய்யலாம். மருத்துவம் படித்திருக்க வேண்டாம். மருத்துவம் பார்க்கவும் கூடாது.

1. அறையைத் திறப்பதற்கு முன்

முதலில் ஆட்கள். நன்றாக ஜெபிக்கிறவர் யார் என்று தேடாதீர்கள். இழவு வீட்டில் அரைமணி நேரம் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்காரத் தெரிந்தவர் யார் என்று பாருங்கள். நாலு பேர் போதும். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். கமிட்டித் தேர்தலில் நிற்கப்போகிறவரைச் சேர்க்காதீர்கள். அடுத்தவர் ரகசியம் அங்கே ஓட்டாக மாறிவிடும்.

அடுத்து இடம். ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறை தோதுப்படாது. காணிக்கை எண்ணுவதும் அங்கேதான், மைக்செட் பெட்டி வைப்பதும் அங்கேதான், யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஞாயிறுபள்ளி அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருவர் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிய வேண்டும், பேச்சு மட்டும் வெளியே கேட்கக் கூடாது. வந்தவருக்கும் உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. பெண்ணிடம் பெண் பேசட்டும். நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுச் சாய்த்துப் போடுங்கள், அழுகிறவருக்கு முகத்தைத் திருப்ப ஒரு பக்கம் வேண்டும். நடுவில் மேஜை வைத்தால் ஆபீஸ் ஆகிவிடும்.

பிறகு ஒரு அட்டை. அதில் இந்த எண்கள் இருக்கட்டும்: 14416, மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மனநலத் தொலைபேசி உதவி, டெலி மானஸ். நாள் முழுக்க இலவசம், தமிழிலேயே பேசலாம். அவசரத்துக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104, பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098. தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களுக்காக 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகாவின் எண் 044-24640050.

எண்களை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தக் கட்டடம், ஓ.பி. சீட்டு எங்கே தருகிறார்கள், எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்று ஒருநாள் நீங்களே போய் வரிசையில் நின்று பாருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் சில தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவார். உங்கள் பக்கத்து ஊருக்கு என்றைக்கு வருகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தூக்கமில்லாமல் பதறிக்கொண்டிருப்பவரிடம் "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்றால் அவர் வாசலோடு திரும்பிவிடுவார். "பழைய கட்டடம், மாடி ஏறி இடதுபக்கம், ஒன்பது மணிக்கு நான் அங்க நிப்பேன்" என்றால் வருவார்.

ஆட்டோவுக்கும் முதல் மாத மாத்திரைக்கும் ஆகும் அளவுக்குக் கமிட்டியிடம் கொஞ்சம் பணம் கேட்டு வாங்கி வையுங்கள். "கவுன்சிலிங் சென்டர்" என்று பலகை மாட்டாதீர்கள். படித்த தகுதி நமக்கு இல்லை. தவிர, அந்தப் பலகைக்குக் கீழே நுழைவதைப் பக்கத்துத் தெரு பார்க்கும். எங்கள் அறைக்கு இன்றுவரை பெயர் கிடையாது.

2. ரகசியம் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள்

வந்தவர் பேச ஆரம்பிப்பதற்கு முன் நான் சொல்வது இது: "நீங்க சொல்றது இந்த அறையை விட்டு வெளியே போகாது. ஆயரிடமும் உங்களைக் கேட்காமச் சொல்ல மாட்டேன். மூணு காரியம்னா மட்டும் வேற ஆளைக் கூப்பிடுவேன். உங்க உயிருக்கு ஆபத்துன்னா, இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா, ஒரு பிள்ளைகிட்ட யாராவது தப்பா நடந்திருந்தா."

இதைக் கடைசியில் சொன்னால் ஏமாற்றியதாகிவிடும், அதனால்தான் முதலில். மூன்றாவது காரியத்தில் நமக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் குற்றம். "சபைக்குள்ளேயே பேசி முடிச்சிருவோம்" என்ற பேச்சுக்கு இடமே தராதீர்கள். குற்றம் சாட்டப்படுபவர் ஊழியக்காரர் என்றால் இன்னும் உறுதியாக.

ரகசியம் கசிவது பெரும்பாலும் வம்புப் பேச்சால் அல்ல, ஜெபக்குறிப்பால். என் முதல் வருஷத் தவறு ஒன்று. ஜெபக்குழு வாட்ஸ்அப்பில், "கணவர் வெளிநாட்டில் இருக்கும் ஒரு சகோதரி தூக்கமின்றித் தவிக்கிறார், ஜெபியுங்கள்" என்று போட்டேன். பேர் போடவில்லையே என்ற தைரியம். எங்கள் சேகரத்தில் அந்த அடையாளத்துக்குப் பொருந்துகிறவர்கள் இரண்டே பேர். மறுநாள் காலையில் ஒரு அம்மா மீன்குழம்போடு சரியான வீட்டுக்கே போய், "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டுவிட்டார். அந்தச் சகோதரி மறுபடி எங்கள் அறைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அன்றிலிருந்து சட்டம்: குழுவில் எதுவும் போடக் கூடாது, பேரில்லாமலும் போடக் கூடாது. ஆயரிடமும் சொல்லி வையுங்கள், இந்த அறையில் கேட்டது எதுவும் பிரசங்க உதாரணம் ஆகக் கூடாது.

3. முதல் சந்திப்பில் முக்கால் மணி நேரம் காது மட்டும்

யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இராப்பகல் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. புதியவர்களுக்கு நான் தரும் பயிற்சியே இதுதான். யோபு 2-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் நில்லுங்கள், 4-ஆம் அதிகாரத்துக்குப் போகாதீர்கள்.

நம் சபையார் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடங்குது, தலைக்குள்ள சூடு ஏறுது, கை கால் அசதி, எதுவும் பிடிக்கல, காரணமில்லாம அழுகை வருது என்பார்கள். கிறிஸ்தவர்கள் கூடுதலாக ஒன்று சொல்வார்கள்: "ஜெபிக்க முடியல." இந்த வார்த்தையில்தான் புதியவர்கள் அத்தனை பேரும் இடறுகிறார்கள்.

ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்கா வந்திருந்தார். முந்தானை ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே, "டீச்சர், வேதத்த எடுத்தா எழுத்தெல்லாம் பூச்சி மாதிரி ஓடுது. ரெண்டு மாசமா ஜெபிக்கவே முடியல. ஆண்டவர் என்னக் கைவிட்டுட்டாரோ?" என்றார். என்னோடு இருந்த புதிய தங்கை உடனே, "உன்னைக் கைவிடுவதுமில்லை" என்ற எபிரெயர் 13:5-ஐ எடுத்து வாசித்துவிட்டாள். அக்காவும் தலையாட்டினார். பேச்சு அதோடு நின்றது.

கொஞ்ச நேரம் விட்டு நான் கேட்டேன். "வேற என்னெல்லாம் முடியலக்கா?" யோசித்தார். சீரியல் பார்க்க முடியல. பேரன் வந்தால்கூடச் சந்தோஷம் இல்லை. மீன் கழுவ உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். விடியற்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்தால் பிறகு தூக்கம் இல்லை. சொல்லச் சொல்ல அவருக்கே புரிந்தது, ஜெபம் மட்டும் நிற்கவில்லை, எல்லாமே நின்றிருக்கிறது. அதுவரை அதை ஆண்டவர் தந்த தண்டனையாக எண்ணியிருந்தவர், "அப்ப இது ஏதோ சீக்கா டீச்சர்?" என்றார். அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்ததால்தான் அடுத்த வாரம் மருத்துவரிடம் வந்தார்.

நீங்கள் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். எப்போதிலிருந்து இப்படி? தூக்கம் எப்படி? சாப்பாடு? வழக்கமான வேலை நடக்கிறதா? முன்பு எப்போதாவது இப்படி இருந்ததா? வீட்டில் வேறு யாருக்காவது? என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், குடி உண்டா? சோர்வு இரண்டு வாரத்துக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி நீடிக்கிறது என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

"ஏன்" என்று கேட்காதீர்கள், குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது போலிருக்கும். "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்று உங்கள் கதைக்குள் போகாதீர்கள், அவர் உங்களைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார்.

4. உயிருக்கு ஆபத்து உண்டா என்று நேராகக் கேளுங்கள்

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லோருக்கும் பயம். அப்படி ஆவதில்லை. ஒருவராவது கேட்டாரே என்று பெரும்பாலோர் மூச்சு விடுகிறார்கள். வார்த்தை இப்படி இருக்கட்டும்: "இவ்வளவு பாரத்தைச் சுமக்கும்போது செத்துப் போயிரலாம்னு சிலருக்குத் தோணும். உங்களுக்குத் தோணுதா?"

நம் ஆட்கள் இதைப் பக்தியான பேச்சில் மூடித்தான் சொல்வார்கள். "ஆண்டவர் என்னை எடுத்துக்கிட்டா நல்லாயிருக்கும்", "பரலோகம் போயிட்டா நிம்மதி". வயதானவர் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் ஆமென் போடுவதைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆமென் போடாதீர்கள், மேலே கேளுங்கள். எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து கேட்டதும் இதைத்தான். 1 இராஜாக்கள் 19-ஐ வரிசை பார்த்து வாசியுங்கள்: தூக்கம், சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்துத்தான் வருகிறது. கண்டிப்பு எங்கேயும் வரவில்லை.

"ஆம்" என்றால் அடுத்த கேள்விகள்: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது என்று நினைத்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா. திட்டம் இருந்தால் அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. அவர் நம்பும் ஒருவரை அவர் முன்னாலேயே போனில் அழையுங்கள். ஆபத்தான பொருட்கள், மிச்சமிருக்கும் மாத்திரைகள் உட்பட, வீட்டை விட்டே வெளியே போகட்டும். பரணில் ஒளித்து வைத்தால் போதாது, வேறு வீட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதற்றமான சில மணி நேரத்தைக் கடப்பதுதான் முக்கியம், கைக்கு எட்டாத தூரம் அதற்கு உதவும். 14416-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். எண்ணம் முற்றியிருந்தாலோ, ஏற்கெனவே ஏதாவது செய்திருந்தாலோ அந்த இரவே மருத்துவமனை.

"கேஸ் ஆயிருமே" என்று வீட்டார் தயங்குவார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மருத்துவமனையிலிருந்து காவல்நிலையத்துக்குத் தகவல் போகலாம். அதற்குப் பயந்து ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ஒன்று, "அப்படிச் செத்தா நரகம்" என்பது. அதைக் கேட்டவர் சாக நினைப்பதை விடுவதில்லை, நம்மிடம் சொல்வதை விட்டுவிடுகிறார். மற்றது, வேதத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் வாங்குவது. சத்தியம் நமக்குத்தான் நிம்மதி தரும். அவருக்கோ, அடுத்தமுறை அந்த எண்ணம் வந்தால் மறைக்க ஒரு காரணம் கூடிவிடும்.

5. மருத்துவரிடம் அனுப்பாதீர்கள், கூட்டிப் போங்கள்

சில காரியங்களை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளக் கூடாது. நாலைந்து நாளாகத் தூங்காமல், அதனால் சோர்வும் இல்லாமல், பேச்சும் செலவும் திட்டமும் பெருகிக்கொண்டே போகிறவர். யாருமில்லாத குரல் கேட்கிறவர். பிள்ளை பெற்ற சில நாட்களில் குழப்பமாகப் பேசுகிற, பிள்ளையைப் பற்றி விபரீதமாகச் சொல்கிற தாய். இவர்களையெல்லாம் அன்றே கூட்டிப் போக வேண்டும். வலிப்பு ஐந்து நிமிடம் கடந்தும் நிற்கவில்லை என்றால் அந்த நிமிடமே 108.

இன்னொன்றைச் சபைகளில் யாரும் ஆபத்தாகவே நினைப்பதில்லை. வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் கன்வென்ஷன் கூட்டத்தில் தன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்து அன்றிரவே குடியை நிறுத்துகிறார். எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் கை நடுங்கும், வியர்க்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத பூச்சிகளும் ஆட்களும் தெரிய, திசை தெரியாமல் பிதற்றலாம். "பிசாசு போராடுது" என்று சுற்றி நின்று ஜெபித்துக்கொண்டிருந்தால் உயிரே போகக்கூடும். தீர்மானம் உண்மையானதாக இருக்கட்டும், நிறுத்துவது மருத்துவர் கண்முன் நடக்கட்டும்.

மற்றவர்களுக்கு ஒரு வாரத்துக்குள். முதலில் பொது மருத்துவரே போதும் என்றாலும் சரிதான். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவையும் மனச்சோர்வு போலவே காட்டும். ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். மாத்திரை எழுதுகிறவர் மனநல மருத்துவர். பேச்சுவழி சிகிச்சை தருகிறவர்களில், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர்களும் நம் வட்டாரத்தில் உண்டு.

"மாத்திரை எடுத்தா விசுவாசக் குறைவு இல்லையா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நான் விவாதிப்பதில்லை. 2 இராஜாக்கள் 20-ஐத் திறந்து கையில் கொடுத்துவிடுவேன். நோயில் கிடந்த ராஜா எசேக்கியா அழுது ஜெபிக்கிறான். குணமாக்குவேன் என்று கர்த்தர் சொல்லி அனுப்புகிறார். அதைச் சொன்ன அதே ஏசாயா, அத்திப்பழ அடை கொண்டுவரச் சொல்லி அதைப் புண்ணின்மேல் போடவைக்கிறார். ஜெபமும் அந்த அத்திப்பழப் பற்றும் ஒரே அதிகாரத்துக்குள் இருக்கின்றன.

போகும்போது அரைப்பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது ஆரம்பித்தது, தூக்கம், சாப்பாடு, முந்தைய மருந்துகள், குடும்பத்தில் யாருக்காவது உண்டா. அரசு ஓ.பி.யில் நேரம் குறைவு, டாக்டர் முன்னால் வீட்டார் திணறுவார்கள். தங்கிச் சிகிச்சை பெற வேண்டியிருந்தால் யார் கூட இருப்பது என்பதையும் முன்பே பேசுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது சிகிச்சையின் பகுதி. பெட்டி கட்டிய பிறகு "யாருக்கு லீவு கிடைக்கும்" என்று பேச ஆரம்பித்தால் பயணமே நின்றுவிடும்.

6. மாத்திரை தொடங்கிய பிறகுதான் உங்கள் வேலை அதிகம்

முதல் இரண்டு வாரத்தில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். காரணம் எளிது: மனச்சோர்வு மாத்திரையில் பக்கவிளைவு முதல் சில நாட்களிலேயே வரலாம், பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். குமட்டல், வயிற்றுக் கலக்கம், ஒருவிதப் பரபரப்பு. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பேர் தாக்குப்பிடிப்பார்கள். அந்த நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்யுங்கள். இளவயதினர் என்றால் சாவைப் பற்றிய கேள்வியை மறுபடி கேளுங்கள், ஆரம்ப வாரங்களில் சிலருக்கு அந்த எண்ணம் கூடுவதுண்டு. கூடினால் உடனே மருத்துவருக்குத் தகவல்.

உபவாசத்தைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். மனம் ஏறி இறங்கும் நோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் தண்ணீரும் உப்பும் குறைத்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய தபசு நாட்களில் நாற்பது நாளும் ஒருவேளை சாப்பாட்டோடு இருக்கிறவர்கள் நம்மில் ஏராளம். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம் என்று ஆயர் வாயாலேயே சொல்லவையுங்கள். டீச்சர் சொன்னால் கேட்க மாட்டார்கள், ஆயர் சொன்னால் பாவமில்லை என்று ஆறுதல்படுவார்கள்.

முழு இரவு ஜெபமும் அப்படித்தான். மனம் மிதமிஞ்சி ஏறி இறங்கும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு ஒரு இரவுத் தூக்கம் போனாலே ஏற்றம் தொடங்கலாம். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் என்று விடிய விடியத் தெருத்தெருவாகப் போகும் வாலிபர்களில் அப்படி ஒரு தம்பி இருந்தான். மூன்றாம் இரவு யாரும் நிறுத்த முடியாத உற்சாகத்தில் பாடிக்கொண்டிருந்தான், "ஆவியில நெறஞ்சிருக்கான்" என்றார்கள். கிறிஸ்மஸ் அன்று வார்டில் இருந்தான். மறுவருஷம் அவனுக்கு ராத்திரி பத்து மணிவரைக்கும் மட்டும் கிட்டார் என்று ஒப்பந்தம் போட்டோம். பத்தாகிவிட்டால் அண்ணன் பைக்கோடு வந்து நிற்பான்.

மூன்றாவது பொறி சாட்சி. நன்றாகி இரண்டு மாதத்தில், "ஆண்டவர் சுகமாக்கினார், மாத்திரையெல்லாம் தூக்கிப்போட்டேன்" என்று மேடையேறச் சொல்வார்கள். முதல்முறை வந்த மனச்சோர்வுக்கே, தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் மாத்திரை தொடர்வது வழக்கம். திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பலாம். மேடையில் சொல்லிவிட்டவர் திரும்பி வந்த நோயைச் சபைக்குச் சொல்லவே முடியாமல் மாட்டிக்கொள்வார். எங்கள் அறைக்கு வந்தவர்களை ஒரு வருஷத்துக்குச் சாட்சி கேட்கக் கூடாது என்று ஆயரிடம் வாங்கி வைத்திருக்கிறோம். அதற்காக ஒருமுறை கமிட்டியில் வாக்குவாதமே ஆனது.

7. வேதமும் ஜெபமும் வரும் இடம்

இத்தனைக்கும் பிறகு, அவர் கேட்டால், அல்லது நீங்கள் கேட்டு அவர் சரி என்றால். ஜெபம் ஒரு நிமிடம் போதும், அவர் சொன்ன வார்த்தைகளையே வைத்து. "இந்தச் சகோதரி அவிசுவாசத்தை விட்டு எழும்பட்டும்" என்று ஜெபத்துக்குள் புத்திமதி வைக்காதீர்கள். தலையில் கைவைப்பதென்றால் கேட்டு வையுங்கள்.

"ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்ற பிலிப்பியர் வசனம் நல்ல வசனம்தான், ஆரம்ப நாட்களில் மட்டும் அது கட்டளையாகக் காதில் விழும். 88-ஆம் சங்கீதத்தைக் கொடுத்துப் பாருங்கள். விடியாமலேயே முடிகிற சங்கீதம் அது. "இப்படியும் வேதத்துல இருக்கா?" என்று கேட்டவர்கள் பல பேர்.

குற்ற உணர்வில் நிதானம் வேண்டும். உண்மையான குற்றத்துக்கு ஒரு நாள், ஒரு ஆள், ஒரு செயல் இருக்கும். அறிக்கையிட்டு, மன்னிப்புக் கேட்டு, கடனைத் திருப்பிக் கொடுத்தால் பாரம் இறங்கும். நோயோடு வரும் குற்ற உணர்வுக்குப் பிடி கிடைக்காது. முப்பது வருஷத்துக்கு முன் எடுத்த பென்சிலில் வந்து நிற்கும், மன்னிப்பு உண்டென்று சொன்ன மறுநாளே புதிதாக முளைக்கும். முன்னதை ஆயரிடமும் பின்னதை மருத்துவரிடமும் கொண்டுபோங்கள்.

இதில் ஒருவகையை ஆயர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பரிசுத்த ஆவிக்கு விரோதமாகத் தூஷணம் சொல்லிவிட்டேனோ என்று, அதற்கு மன்னிப்பில்லை என்னும் மத்தேயு 12-ஐப் பிடித்துக்கொண்டு ஒருவர் தினமும் போன் செய்வார். "இல்லப்பா, உனக்கு மன்னிப்பு உண்டு" என்பீர்கள். ஒரு மணி நேரம் நிம்மதி, பிறகு மறுபடி போன். இது ஒரே எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.), இதற்கு நாம் தரும் ஆறுதலே தீனியாகிவிடும். ஒருமுறை தெளிவாகப் பதில் சொல்லுங்கள். அடுத்தமுறை, "இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னா உங்க சீக்கு வளரும்" என்று அன்போடு சொல்லிச் சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள். கல்நெஞ்சு போலத் தெரியும், பரவாயில்லை.

8. "பிசாசு பிடிச்சிருக்கு" என்று வீட்டார் சொன்னால்

இறையியல் வாக்குவாதத்தில் இறங்காதீர்கள். அதில் நீங்கள் ஜெயித்தாலும் நோயாளி தோற்றுப்போவார், அவரை வேறொரு கூட்டத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். நான் பேசும் பேரம் இது: நீங்கள் ஜெபியுங்கள், நானும் உட்காருகிறேன். நாளைக் காலையில் மருத்துவரிடமும் போவோம்.

விட்டுக்கொடுக்காத கோடுகள் நாலு. அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது, கட்டி வைக்கக் கூடாது. சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் தடுக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியில் இருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததைத் தமிழ்நாட்டில் எந்த மதத்தாரும் மறக்கக் கூடாது. "யார் செய்த பாவம்" என்ற விசாரணை வீட்டில் தொடங்கினால் யோவான் 9-ஐ வாசித்துக் காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்களும் அதைத்தான் கேட்டார்கள், இயேசு அவனையும் அவனைப் பெற்றவர்களையும் விடுவித்துவிட்டார்.

9. வீட்டாரிடம் இரண்டு வார்த்தை

"கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிரும்" என்ற யோசனை எந்தக் குடும்பத்திலும் ஆறு மாதத்துக்குள் வந்துவிடும். நோயை மறைத்துச் செய்யும் கல்யாணம் இரண்டு வீட்டையும் உடைக்கிறது. மாத்திரையை ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டு, கடைசியில் சாப்பிடாமலே விட்டுவிடுகிறார்கள். பெண் பார்க்கப் போகுமுன் மருத்துவரிடம் ஒருமுறை குடும்பத்தோடு உட்காரச் சொல்லுங்கள். கணவன் அடிப்பதால் ஒடிந்துபோனவரிடம் பொறுமையைப் போதித்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள், 181 அதற்குத்தான்.

சபை செய்யக்கூடிய நல்ல உதவி சாப்பாடு. பிரசவ வீட்டுக்குக் கொண்டுபோவது போலவே தூக்குவாளியில், கேள்வி கேட்காமல்.

10. அறையைப் பூட்டும்போது

ஒவ்வொருவருக்கும் நாலு வரி எழுதுங்கள். தேதி, முக்கியமான புகார், ஆபத்து கேட்டீர்களா, அடுத்தது என்ன. பேருக்குப் பதில் எண். நோட்டு பூட்டுள்ள அலமாரியில் இருக்கட்டும்.

எங்களில் ஒருவர் ஒரு நாளில் மூன்று பேருக்கு மேல் பார்க்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். நாலாவது ஆள் பேசும்போது காது மட்டும்தான் அங்கே இருக்கும், மனம் வீட்டுக்குப் போயிருக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சனிக்கிழமை முழு ஓய்வு. தூக்கத்தில் அடுத்தவர் கதை வர ஆரம்பித்தால் ஒரு மாதம் விலகியிருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்கே இரண்டு தடவை ஆயிற்று.

கடைசி ஆள் போன பிறகு நாங்கள் இரண்டு பேர் பத்து நிமிடம் சும்மா உட்காருவோம். ஜெபம் அப்போதுதான், பேர் சொல்லி, சத்தம் வெளியே போகாமல். பிறகு காப்பி.